யாரோட பொண்ணு

செப்டம்பர் 9

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நான் நல்லா இருக்கேன். போன் பிள்ளைக்கு, மெயில்ல கடிதம் உங்களுக்குன்னு விமான நிலையத்துல பேசிக்கிட்டோமே, அதான் எழுதுறேன்.

என் அறை ரெண்டாம் மாடி. கட்டில், மேசை, பெட்டி போட்டா நான் நிக்கத்தான் இடம். ஜன்னலைத் திறந்தா எதிர்க் கட்டிடத்துச் சுவர். சமையலறை எனக்கும் இன்னும் மூணு பொண்ணுங்களுக்கும் பொது. எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. என் பாலை யாரோ குடிச்சுட்டாங்க. புது ஊர்ல எப்படிச் சண்டை போடுறதுன்னு தெரியாம சிரிச்சு வச்சேன். துணி மெஷின்ல பச்சைச் சட்டையைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைக் கோட்டு எல்லாம் வெளிர்பச்சை ஆகிடுச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸா ஒரு வார்டையே கட்டி மேய்ச்சவ, இங்க வகுப்புல கடைசி பெஞ்சுல முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பேராசிரியர் சொல்ற முதல் பாதி புரியறதுக்குள்ள மீதி ஓடிடுது.

பக்கத்து அறைச் சுருட்டை முடிக்காரி நல்லா ஒட்டிக்கிட்டா. எனக்கு இருபத்தேழு வயசுன்னு நினைச்சிருக்கா. நானும் திருத்தலை. சிரிக்காதீங்க.

நம்ம பொண்ணு வாலு சாப்பிடுறாளா? நீங்க சாப்பிடாம பட்டறைக்குப் போகாதீங்க.

உங்க மாணவிப் பெண்டாட்டி

செப்டம்பர் 28

அன்பு டாக்டரம்மாவுக்கு,

டாக்டருக்குப் படிக்கலைன்னு நீ சண்டைக்கு வருவே. எனக்கு மேல்படிப்புன்னா எல்லாம் டாக்டர்தான்.

இங்க எல்லாரும் சௌக்கியம். மோட்டார் காயில் சுத்துற கை இப்போ ரெட்டைப் பின்னலும் போடுது. முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொண்ணு கழுத்துக்குக் கீழேயும் நின்னுச்சு. எங்க அக்கா பார்த்துட்டு, பிள்ளையை இப்படியேவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுன்னு திட்டித் தீர்த்துட்டா. இப்போ அவதான் தினமும் வந்து சரிபார்க்கிறா.

நீ முன்னெல்லாம் போன்ல வளவளன்னு பேசுவே. இப்போ "அப்புறம்?" "சரி" ரெண்டே வார்த்தைதான். வேலை அதிகம் போல. குறை சொல்லலை. வீடுதான் கொஞ்சம் அமைதியா இருக்கு.

உன் வீட்டுக்காரன்

அக்டோபர் 17

உனக்கு,

நேத்து வாலுக்கு முன்பல்லு விழுந்துச்சு. இப்பவே அம்மாகிட்ட சொல்லணும்னு குதிச்சா. பேசுற நேரம் இல்லைதான், ஆனாலும் கூப்பிட்டேன். ரெண்டு தடவை எடுக்கலை. மூணாவது தடவை அந்தச் சுருட்டை முடிக்காரி எடுத்தா. நீ குளிக்கப் போயிருக்கிறதாச் சொன்னா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, அவங்க பொண்ணு பேசணுமாம்னு சொன்னேன்.

"யாரோட பொண்ணு? அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையே. தப்பான நம்பர் போலிருக்கு"ன்னா.

போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. இவ பள்ளிக்கூடத்துல பேசுறதே இங்கிலீஷ்தான். பல்லைக் கையில மூடிக்கிட்டு என்னையே பார்த்தா. அப்புறம் கேட்டா: "அம்மாவுக்கு அங்க நான் இல்லையாப்பா?"

என்ன பதில் சொல்றதுன்னு நீயே எழுது. நான் இல்லாமப் போனதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

வாலோட அப்பா

அக்டோபர் 19

அன்புள்ள உங்களுக்கு,

எப்படிக் கூப்பிடுறதுன்னே தெரியாம இந்த முதல் வரியை நாலஞ்சு தடவை அழிச்சுட்டேன்.

முதல் நாள் வகுப்புல எல்லாரும் தன்னைப் பத்திச் சொன்னாங்க. ஒருத்தி, ஊர்ல கைக்குழந்தை இருக்குன்னா. விட்டுட்டு வர எப்படி மனசு வந்துச்சுன்னு ஆளாளுக்குக் கேட்டு அவளை அழ வச்சுட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு சொன்ன ஆம்பளையை யாரும் ஒண்ணும் கேட்கலை. அடுத்தது என் முறை. கல்யாணம் ஆகலை, தனியாள்தான்னு சொல்லிட்டேன்.

பயத்துல சொன்னேன்னு இதோட நிறுத்தினா நீங்க மன்னிச்சிடுவீங்க. ஆனா அது முழு உண்மை இல்லை. அப்புறம் அது எனக்குப் பிடிச்சுப் போச்சு. யாருக்கும் அம்மா இல்லாம, யாருக்கும் பதில் சொல்லாம, அந்தப் பொண்ணுங்களோட நடந்து போறது லேசா இருந்துச்சு. வாலு போன்ல கூப்பிடுறப்போ கதவைச் சாத்திக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, சீக்கிரமா வச்சுடுவேன். நீங்க கேட்ட "அப்புறம், சரி" அதுதான். என் பிள்ளைகிட்ட ஒளிஞ்சு பேசியிருக்கேன்.

நேத்து சாப்பாட்டு மேசையில மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். திட்டியிருந்தா தேவலை. சுருட்டை முடிக்காரி மட்டும், "அப்போ அந்தப் பக்கம் அழுத சத்தம் உங்க பொண்ணா?"ன்னு கேட்டா. அப்புறம் யாரும் சாப்பிடலை. இப்போ நான் சமையலறைக்குள்ள போனா பேச்சு நிக்குது. எனக்கு நல்லா வேணும்.

அவ அழுதாள்னு நீங்க எழுதவே இல்லை.

ரெண்டு நாளா கூப்பிட்டும் அவ போனுக்கு வரலை. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்க. உண்டுன்னு சொல்லுங்க. அவ அங்கயும் உண்டு, இங்கயும் உண்டுன்னு சொல்லுங்க. உங்ககிட்ட கேட்க எனக்கு வாய் இல்லை.

நான்

அக்டோபர் 30

உனக்கு,

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டு ஹோம்வொர்க் எழுதப் போயிட்டா.

உன்மேல எனக்குக் கோபம் போகலை. லேசா இருந்துச்சுன்னு எழுதினியே, அந்த இடத்தைத் தாண்ட முடியலை. பட்டறையில மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு அதையே நினைச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறேன். நீ பொய் எழுதியிருந்தா இதை விடச் சுலபமா இருந்திருக்கும். படிப்பை விட்டுட்டு வர்றேன்னு மட்டும் கிளம்பிடாதே. அந்தப் பழி பிள்ளை தலையில விழும்.

இன்னிக்குக் காலையில பின்னல் போடுறப்போ அவளா வாயைத் திறந்தா. ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறாளாம். ஆனா உன்கிட்ட இல்லை. அன்னிக்குப் போன் எடுத்த அந்தச் சுருட்டை முடி அக்காகிட்டயாம். தான் யாருன்னு தானே சொல்லணுமாம். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு என்கிட்ட ஒத்திகையும் பார்த்துட்டா.

நீ பக்கத்துல நின்னு கேட்கணுமாம். நீ கதவைச் சாத்துற சத்தம் போன்ல அவளுக்குக் கேட்குமாம்; இந்தத் தடவை கதவு திறந்திருக்கணுமாம்.

வாலோட அப்பா