வாடாத செடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் அத்தான் முட்டிவலி என்று வீட்டையே இரண்டாக்குகிறார். அவருக்கு முள் குத்தினாலும் தெரு முழுக்கத் தெரிய வேண்டும். நீ நேர்மாறு. எப்போது எழுதினாலும் "நலம்" என்ற ஒற்றைச் சொல்தான். சின்ன வயதில் உன்னைக் கல்லுளிமங்கன் என்று கூப்பிட்டது சும்மாவா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது கடுகு நாற்றுகளோடு மல்லுக்கட்டுகிறேன். ஈயம் கலந்த மண்ணில் ஒரு ரகம் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அதன் மரபணு ஒன்று, செல்லுக்குள் ஒரு காவல்காரனை நிறுத்துகிறது. வேரில் நுழையும் ஈயத்தை அவன் பிடித்து, செல்லின் உள்ளே இருக்கும் பையில் தள்ளிப் பூட்டிவிடுவான். இலைக்குச் சேதி போகாது. அந்த மரபணுவை நாங்கள் முடக்கிய நாற்றோ, அதே மண்ணில் மஞ்சளாகிச் சுருண்டது. "இது தேறாது மேடம்" என்றாள் கூட வேலை செய்யும் பெண். பாவமாக இருந்தது, பிடுங்கி நல்ல மண்ணில் நட்டோம். பிழைத்துக்கொண்டது. பச்சையாக நின்றதை மாற்றி நட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்தப் பச்சைச் செடியின் வேரை அரைத்துச் சோதித்தால், வாடிய நாற்றில் இருந்ததைவிடப் பல மடங்கு ஈயம்.

உன் மனைவியைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது அண்ணி. வயித்தப் பிடிச்சிக்கிட்டு சுருண்டு படுக்கிறாரு. கேட்டா வாயுங்கிறாரு" என்று அழுதாள். பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் உலை முன்னால் வருஷக்கணக்காக நிற்கிறவனுக்கு வாயுவா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

செடிக்கு வாய்த்த காவல்காரன் நமக்கு வாய்க்கவில்லையடா. நம் உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச்சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்துவைக்கும். வயதாகும்போது, நோயில் கிடக்கும்போது, எலும்பு அதைத் திரும்ப ரத்தத்தில் விடும். எலும்புக்குப் பூட்டு கிடையாது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அப்பா உன்னைத்தான் காட்டுவார். நீ பூமி ஆள வேண்டாம். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார். அதுவரை உலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதே. வேலை போனால் போகட்டும். எங்கள் மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, இருவரும் வந்துவிடுங்கள். அத்தான் புலம்பலைக் கேட்கவும் ஆள் வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நூறு வயது வாழ வேண்டும். பதிலில் நலம் என்று எழுதாதே. எங்கே வலிக்கிறது என்று எழுது.

உன் அக்கா