பக்கத்துக் கட்டிலுக்குப் போன உருண்டை

கோட்-டெ-நெய்ஜ் பஸ்ஸில், 2006 நவம்பர்

என் அன்பானவருக்கு,

எழுத்து கோணலாக இருப்பது பஸ் குலுங்குவதால் அல்ல, பயத்தால்.

உங்கள் நரம்பு வலிக்குக் கஞ்சா எடுக்க அரசாங்கமே அட்டை தந்தது. உங்கள் பராமரிப்பு இல்லம்தான் அதை உள்ளே விடவில்லை. அதனால் நெய்யில் காய்ச்சி, பயற்றம் உருண்டையாகப் பிடித்துக் கொண்டுவந்தேன். மூன்று மாதமாக நீங்கள் முனகவில்லை.

அங்கே துப்புரவு வேலை செய்யும் கிளி அக்கா இப்போது என் பக்கத்தில் இருக்கிறா. ஏறியதும் சொன்னா: "உன்ரை மனிசன்ரை பக்கத்துக் கட்டில் ஐயாவை விடிய ஆம்புலன்சில கொண்டு போயிட்டினம். கண் திறக்கேல்லை. பாரிசவாதமோ எண்டு பாக்கினமாம்."

"ஒருத்தரைப் பாக்க வைச்சுத் தின்னக்கூடாதப்பா" என்று எப்போதும் சொல்வீர்கள். நேற்று அவருக்கு எத்தனை கொடுத்தீர்கள்?

நான் உங்களிடம் வரவில்லை. அவரை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பக்கவாதம் என்று மருந்து கொடுப்பதற்கு முன், உருண்டையில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் சரியான வைத்தியம் நடக்கும். அதற்குப் பிறகு பொலிஸ் வருமோ, என்னை உங்களிடம் விடுவார்களோ, தெரியாது.

இதை வேலைக்கு வரும் கிளி அக்கா தருவா. உருண்டைப் பெட்டியில் ஒன்றாவது மிச்சம் இருக்கும். இனி என்னால் கொண்டுவர முடியாது. இன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் கொடுக்காமல் சாப்பிடுங்கள்.

உங்கடை மனிசி