நீலச் செருப்பைப் பற்றி அம்மா எழுதிய கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா உயிருக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள், இதோ எதிரில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி சுகம், மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ படிக்க வெளியூர் போனதிலிருந்து ஏழு வருஷமாக மாதம் ஒன்று தவறாமல் உனக்கு எழுதியவள் அவள். போனில் பேசினால் வைத்ததும் மறந்துபோகிறது, கடிதம் என்றால் பெட்டியில் இருக்கும் என்பாள். கடைசியில் அப்பா உன்னை விசாரித்தார் என்று எனக்காகவும் ஒரு வரி அவளே சேர்த்துவிடுவாள், நான் விசாரிக்காத மாதத்திலும். ஸ்பேனர் பிடித்த கை இது, பேனா பிடித்தால் வேர்க்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவிடமிருந்து ஏன் கடிதமே வரவில்லை என்று ஐந்து மாதமாக நீ கேட்டபோதெல்லாம் மணிக்கட்டு பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அது பொய் பாப்பா. அவளுடைய வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கு விரலும் இல்லை. அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவள் வேலை செய்யும் வெட்டு மிஷினில் போய்விட்டது. அப்போது உனக்கு எட்டாம் மாதம், புள்ளத்தாச்சிகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிறகு குழந்தை பிறந்தது, பச்சை உடம்பு, இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றாள். நீ முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் போனை நான்தான் பிடித்திருந்தேன், அவள் கழுத்துக்குக் கீழே தெரியாமல். குட்டியைப் பார்த்து அவள் சிரித்தது மட்டும் நிஜம். இதைப் படித்துவிட்டு நீ அழுவாய், அழுதுவிடு, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி. எனக்கு உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த மிஷினைப் பற்றி உனக்குத் தெரியாது, சொல்கிறேன். அட்டையை உள்ளே வைத்துவிட்டு வலது பக்கம் ஒரு பொத்தான், இடது பக்கம் ஒரு பொத்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் தட்டு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அட்டையை நேராக்கிவிட்டு இரண்டு கையையும் எடுத்து அமுக்குவதற்குள் நேரம் போகும், எண்ணிக்கை குறையும். எங்கள் மேஸ்திரியை எல்லாரும் கடிகாரம் என்றுதான் சொல்வார்கள், அத்தனை தரம் சுவரைப் பார்ப்பார். தினமும் உன் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, வீட்டுல கோலம் போடறாப்புல போட்டா எப்படிம்மா என்பார். எண்ணிக்கை முடியாதவர்களை வேலை முடிந்தும் நிறுத்திவைப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போய் வார் அறுந்துபோன நீல ரப்பர் செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்து, அளவு பார்த்துச் செதுக்கி, வலது பொத்தான் அமுங்கினபடியே இருக்கும்படி அதன் வளையத்துக்குள் செருகிவிட்டேன். அன்றிலிருந்து அவளுக்கு இடது கை ஒன்று போதும், வலது கை அட்டையை நேராக்கிக்கொண்டே இருக்கலாம். அந்தப் பட்டறையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான், அந்தப் பொத்தான் எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் செய்தேன். நான்கு நாள் கழித்து முதலாளியே வந்து பார்த்தார், என் தோளில் தட்டிக்கொடுத்து, மத்த எட்டு மிஷினுக்கும் இதே மாதிரி போட்டுடுப்பா என்றார். போட்டேன், பெருமையோடு போட்டேன்.

விபத்து நடந்த அன்று காலை பதினோரு மணி இருக்கும். நான் இரண்டு மிஷின் தள்ளி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அவள் வலது கையால் நகர்த்தினாள், இடது கை பழக்கத்தில் அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். அவள் கத்தவே இல்லை. ஏங்க, மிஷின நிறுத்துங்க என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் என்னை விட்டுப் போகவில்லை பாப்பா. முதலாளியின் காரில்தான் கொண்டுபோனோம். முதல் வாரம் பழம் எல்லாம் வந்தது. இரண்டாவது வாரம் நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் கடிகாரம் வந்து ஒரு தாளில் அவளுடைய இடது பெருவிரலைப் பதித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவளுடைய கவனக்குறைவால் நடந்தது, பொத்தானில் ரப்பர் வைத்ததும் அவளே என்று அதில் எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு பழமும் இல்லை, ஆளும் இல்லை. தொழிலாளிகளுக்காக எடுக்க வேண்டிய இன்சூரன்ஸை முதலாளி எடுக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கேட்கப் போனால், அந்தம்மா பீஸ் கணக்குக்கு எப்பவாவது வந்துபோற ஆளுப்பா, நம்ம ஆளுன்னு எந்த ரிஜிஸ்டர்ல இருக்கு என்றார். பதினோரு வருஷம் அந்தப் பட்டறையில் நின்றவள். ஒன்பது மிஷினிலிருந்தும் ரப்பரை எடுக்கச் சொன்னார், அதையும் நானே எடுத்தேன். அம்மாவின் மிஷினிலிருந்த நீலத் துண்டை மட்டும் என் டப்பாவில் போட்டு வைத்தேன், ஏனென்று அப்போது எனக்கே தெரியாது.

இத்தனை மாதமாக நான் அவளைக் கடிந்துகொண்டே இருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள், வாசித்துப் பார்க்காமல் எப்படி விரலை நீட்டினாய் என்று ஒரு நாள் சோறு போடும்போதுகூடக் கேட்டேன், நான்தான் இப்போது சமையல், அதை வேறு அவள் சாப்பிட வேண்டியிருக்கிறது. போன வாரம் மாடிவீட்டுத் தையல்காரர் ஒரு வக்கீலம்மாவிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன அறை, நாற்காலியெல்லாம் கோப்பு, நாங்கள் உட்கார அவரே தூக்கிக் கீழே வைத்தார். பொறுமையாகச் சொன்னார். இன்சூரன்ஸ் இருந்திருந்தா தப்பு யாருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நேரா நஷ்டஈடு வந்திருக்கும், ஆனா முதலாளி மேல கேஸ் போட முடியாது, அவரு எடுக்காம விட்டதால இப்ப நேரா அவரையே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றார். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தால் அவருக்கு அபராதம் போடுவார்கள், இப்படிக் கைவிடப்பட்டவர்களுக்கு என்று அரசாங்கத்தில் ஒரு நிதியும் இருக்கிறதாம், அது மெதுவாக வரும், இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்றார். மிஷின் செய்த கம்பெனியை ஒன்றும் கேட்க முடியாது, அவர்கள் பொத்தானைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். எதற்குப் போனாலும் அவள் அங்கே நிரந்தரமாக வேலை பார்த்தவள் என்று காட்ட வேண்டும், கோர்ட்டுக்கு முதலாளியின் தப்பையும் காட்ட வேண்டும், விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, அந்த ரப்பரை வச்சது யாரு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, நான்தாங்க என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாப்பா. உன் அப்பா அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை துணி காயப்போட்டோம். படுக்கை விரிப்பை நான் பிழிவேன், அவள் ஒரு முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள், அப்படித்தான் பழகியிருக்கிறோம். கொடியில் போட்டதும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், முகம் தெரியவில்லை, அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. படிச்சுப் பாத்துட்டுதாங்க கைநாட்டு வச்சேன், யாராவது ஒருத்தர் பேரு வரணும்னு மேஸ்திரி சொன்னாரு, உங்க பேரு வந்தா வேலையும் போகும், ஜெயிலுக்கும் போவீங்கன்னாரு, எனக்கு கை போனது போயாச்சு என்றாள். முட்டாள் என்று நான் திட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஈரத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாயங்காலமே தனியாக வக்கீலம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நீலத் துண்டையும் மேஜை மேல் வைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ரிப்பேர் பாக்குற ஆளு முதலாளி சொல்லிச் செஞ்சா அது முதலாளி செஞ்ச மாதிரி, ஜெயிலுன்னு சொன்னதெல்லாம் வெறும் மிரட்டல், உங்க வேலை போகலாம், கோர்ட்டுல அவங்க வக்கீல் உங்கள உரிச்செடுப்பாரு, அது உண்மை என்றார். ஆனால் என் வாய்ச்சொல் மட்டும் போதாதாம். புருஷன் பொண்டாட்டிக்காகச் சொல்லுறான்னு தள்ளிடுவாங்க, அப்ப எழுதினது ஏதாவது இருக்கா, ஒரு துண்டுச் சீட்டாவது என்றார். இல்லை என்று எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உன் அம்மா உனக்கு எழுதியிருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்பு, நீ படிப்பு முடித்து அங்கே வேலையில் சேர்ந்த புதிதில் வந்த கடிதம், தேடிப் பார். உன் பழைய செருப்பு எதற்கு உதவியது தெரியுமா, உங்க அப்பா மூளையைப் பார்த்தாயா, முதலாளியே வந்து எல்லா மிஷினுக்கும் போடச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாள், எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினாள். மற்றதிலும் இருக்கும், காலையில் எத்தனை மணிக்குப் போனாள், கடிகாரம் என்ன சொன்னார், உன் வளைகாப்புக்கு வர லீவு கேட்டுக் கிடைக்காதது, எல்லாம் தேதி போட்டு. பதினோரு வருஷத்தில் ஏழு வருஷம் உன் பெட்டிக்குள் இருக்கிறது. நீ ஒன்றையும் தூக்கிப் போட மாட்டாய், அது எனக்குத் தெரியும். வக்கீலம்மா அசல் வேண்டும் என்கிறார், கோர்ட்டில் எத்தனை வருஷம் இருக்குமோ தெரியாது, அதனால் ஒவ்வொன்றையும் நகல் எடுத்துக்கொண்டு பதிவுத்தபாலில் அனுப்பு. இனிமேல் அவளுடைய அந்த எழுத்து அதில் மட்டும்தான் இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் யோசித்து எழுதினாளே, கடைசியாக வந்தது, அதை அனுப்பாதே, அது குட்டிக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செருப்புக் கடிதத்தைப் படித்தால் என் பேர்தான் அதில் பெரிதாக இருக்கும், உனக்கு அதை மட்டும் எடுத்து ஒளித்துவிடலாம் என்று தோன்றும். நீ அவள் வயிற்றில் பிறந்தவள், தோன்றாமல் இருக்காது. அப்படிச் செய்துவிடாதே. ஒருத்தி என்னைக் காப்பாற்றியது போதும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, போனில் கூப்பிட்டே திட்டு, ஆனால் அந்தக் கடிதத்தை முதலில் உறையில் போடு. உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. அது பொண்ணுக்கு எழுதினது, கோர்ட்டுக்கு எழுதினதில்ல என்று மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. இன்று காலைதான், பேனாவை வச்சிட்டுப் போங்க என்றாள். மனுவில் கையெழுத்துப் போடுவதற்காகக் காலண்டர் தாளின் பின்புறம் இடது கையால் எழுதிப் பழகுகிறாள், கேட்டால் கிறுக்கிப் பார்க்கிறேன் என்பாள். கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுதுவாளோ தெரியாது, வேண்டாம் என்று எழுதினாலும் நீ அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது. அவசரப்பட்டு டிக்கெட் போட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதே, மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் கைகள் என்றும் நன்றாக இருக்க வேண்டும். தபாலில் போட்டதும் ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

அனுப்பு பாப்பா. எல்லாத்தையும்.
அப்பாவைத் திட்டாதே.
அம்மா