சூடேறாத பெட்டி

மார்ச் 3, திங்கள்

எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுபதாவது வயதில் மனைவி வேலாயிதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

இப்போது அவள் போர்ட் பிளேரில், மகள் உதயா வீட்டில், மூச்சுத்திணறலுக்கு வாடகை ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிறாள். சொந்த மெஷின் இங்கே, அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில் சும்மா கிடக்கிறது. இங்கே ஜெனரேட்டர் கரண்ட், நின்று நின்று வரும். மெஷினின் பேட்டரியை நிரப்பும் சார்ஜர் சூட்டில் உருகிப்போனது. அதனால்தான் அவள் போக வேண்டியதாயிற்று.

மார்ச் 5, புதன்

உதயா கப்பலில் வந்து, தானே செய்த சார்ஜரை மாட்டினாள். ஏசியை டிசியாக்கும் பெட்டி. மெஷினையும் ஓடவிட்டாள். சூடேறாமல் தாங்கினால் அம்மா வரலாமாம்.

"உள்ள இருக்கிற சுவிட்ச் நொடிக்கு லட்சம் தடவ போட்டு அணையும்பா. பழசு வோல்டேஜ் ஏறி நிக்கிறப்பவே போடும், அதான் சூடு. இது வோல்டேஜ் எறங்கி ஒண்ணுமில்லாம ஆகுறவரைக்கும் பொறுத்துப் போடும்."

"படகுத்துறை ஜெட்டியில டிங்கிப் படகு மட்டத்துக்கு வர்றவரைக்கும் நின்னு கால் வைக்கிற மாதிரியா?"

"அதேதான். முந்திக் குதிச்சு முட்டிய ஒடச்சுக்கிட்டீங்களே, அது பழைய சார்ஜர்."

சிரிப்பு வேறு.

மார்ச் 8, சனி

சூடில்லை.

மார்ச் 10, திங்கள்

ஐயோ. நேற்று சாயங்காலம் உப்புக்காற்று. டிவி, ரேடியோவைச் சுற்றுகிற பழக்கத்தில் இந்தச் சார்ஜரையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கயிறும் கட்டிவிட்டேன். காலையில்தான் உறைத்தது. பாவி மனுசா, என்ன காரியம் செஞ்சே! உருகியிருந்தால் அவள் எப்படி வருவாள்?

பிரித்தேன். உள்ளே — வெதுவெதுப்பு. அவ்வளவுதான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து போனில் உதயா கத்தினாள். "காத்துப் போற ஓட்டையெல்லாம் மூடிட்டீங்களாப்பா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நிஜமாவே சூடில்லையா? கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். "வெதுவெதுன்னுதான் இருக்கு."

"இப்படிச் சோதிக்க எனக்கே தைரியம் வரலப்பா. அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கிறேன். இனிமே சுத்தாதீங்க, சம்ஜே?"

சம்ஜா, சம்ஜா. நன்றாகவே புரிந்தது.

மார்ச் 14, வெள்ளி

வேலாயி வந்துவிட்டாள். கப்பலின் பலகை ஆட்டம் அடங்கும்வரை நின்று, நிதானமாகக் காலை வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் சட்ட போட்டிருக்கீங்க. கோழிய மட்டும் ஏன் விட்டீங்க?"

மதியம் கரண்ட் போனது. என் மூச்சுதான் ஒரு கணம் நின்றது. பேட்டரியில் ஓடிய அவளுடைய மெஷின் நிற்கவில்லை. அவள் பேச்சும் நிற்கவில்லை.

இனி எழுத நேரம் கிடைப்பது சந்தேகம். ஆனாலும் அடுத்த வெள்ளி, அவள் மதியம் கண்ணயரும்போது உட்கார்ந்துவிடுவேன்.