பின்னால் கட்டிய கைகள்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் ஆரம்பித்தால் இருவரும் கத்துவோம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தேன். நீ மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய், கூப்பிடவில்லை. மாதாமாதம் நடக்கும் 'நம் ஊர், நம் கதை' பேச்சாம். தகர டப்பா ஆலையின் கதையைச் சொல்ல யாரைப் பிடித்தீர்கள்? பழைய மேனேஜரை! இயந்திரம் எந்த வருஷம் வந்தது, என்ன நிறம், டப்பா மூடியில் என்ன படம் என்று ஒரு மணி நேரம். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு ஒரே வாக்கியம்: "எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்." அதற்குக் கைதட்டல் வேறு.

வெளியே வந்தால் சுவரில் அந்தப் புகைப்படம். மூன்று வரிசைப் பெண்கள், இரண்டாம் வரிசை ஓரத்தில் நம் அம்மா. கீழே அட்டையில், 'கைகளைப் பின்னால் கட்டி ஒழுங்குடன் நிற்கும் ஆலைப் பெண்கள்.' ஒழுங்கா? தகரம் வெட்டும் பிரஸ்ஸில் விரல் போனது படத்தில் தெரியக்கூடாது என்றுதானே கையை மறைக்கச் சொன்னார்கள்? மிச்சமிருந்த விரல்களை வைத்துத்தானே அவள் உனக்குத் தலை பின்னிவிட்டாள்? அந்த அட்டையை டைப் அடித்தது நீ.

அடுத்த பேச்சு அம்மாவுடையது. சாக்குச் சொல்லாதே.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

ஊருக்கு வந்தவன் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு வரவில்லை. அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. முதலில் அதற்கு எனக்கு நன்றி சொல்.

அட்டையில் இருப்பது அருங்காட்சியகக் காப்பாளர் எழுதிய வாசகம். நான் அடிப்பவள் மட்டும். என் வேலை வருஷ ஒப்பந்தத்தில் தொங்குகிறது. இருந்தாலும் கேட்டேன். நீ எழுதுவதற்கு முன்பே கேட்டேன், நம்பினால் நம்பு. ஏப்ரல் 12-இல் பத்து நிமிடம் தருகிறாராம். பேசப்போவதை எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் மணி அடிப்பார்.

அம்மாவிடம் சொன்னேன். "பத்து நிமிஷமா? அதுக்கு எவ்வளவு நேரம் உக்காரணும்?" என்று கேட்டாள். மறுக்கவில்லை.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

பேச்சை நானே எழுதிவிட்டேன். ஆறு பக்கம், இதோடு இருக்கிறது. இரண்டு ஷிப்ட் லேத்தில் நின்றுவிட்டு உட்கார்ந்து எழுதியது. 'என் வலது கையை இந்த ஆலை தின்றது' என்பதுதான் முதல் வரி. அதில் மட்டும் கைவைக்கவே கூடாது என்று உன் காப்பாளரிடம் சொல்லிவிடு.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஆறு பக்கம் காப்பாளரிடமிருந்து அரைப் பக்கமாகத் திரும்பி வந்தது. விரல் என்ற சொல்லே இல்லை. 'சிறு காயங்கள்' என்று இருக்கிறது. நான் சண்டை போட்டேன். "வர்றவங்க மனசு சங்கடப்படக்கூடாதும்மா" என்றார். யாருடைய மனசு என்று கேட்டேன். போன் வந்ததுபோல் எழுந்து போய்விட்டார்.

உன் எழுத்தும் லேசுப்பட்டதில்லை. 'சுரண்டல்' பதினான்கு இடத்தில் வருகிறது, எண்ணினேன். இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் முதல் வரியைக் கேட்டுச் சிரித்தாள். அதை விடு. முடிவில், "ரெண்டுலயும் நான் இல்லையே" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

12-ஆம் தேதி நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எழுத வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 5

அரைப் பக்கத்துக்கு அம்மாவை மேடை ஏற்றுவது அந்தப் படத்தை மறுபடி எடுப்பது போலத்தான். அந்தக் கூத்துக்கு நான் வரமாட்டேன். உனக்கு ஒப்பந்தம் முக்கியம், புரிகிறது.

தம்பி

ஏப்ரல் 13

தம்பிக்கு,

நீ வராத கூத்து எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

அம்மா எந்தக் காகிதத்தையும் எடுத்து வரவில்லை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மேடைக்குக் கொண்டுவரச் சொன்னாள். நான் கழற்றினேன். முன்வரிசையில் பழைய மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அம்மா முதல் வரிசை இடது ஓரத்தில் விரல் வைத்து ஆரம்பித்தாள்.

"இவ நெட்டை. ஒம்பது. இவ பாட்டுக்காரி, எட்டு. இவளுக்குப் பத்தும் இருந்துச்சு, படம் எடுத்த மறுமாசம் ஒம்பது."

என்ன எண்ணுகிறாள் என்று கூட்டத்துக்கு மூன்றாவது ஆளிடம்தான் புரிந்தது. மேனேஜர் எழுந்து, "எல்லாருக்கும் வைத்தியம் பார்த்தோமே" என்றார். "பாத்தீங்க சார், யாரு இல்லைன்னா? உக்காருங்க, இன்னும் ஆளு இருக்கு" என்றாள். இரண்டாம் வரிசை ஓரத்துக்கு வந்ததும், "இது நான். எட்டு" என்று மட்டும் சொன்னாள். அப்போது காப்பாளர் மணியடித்தார்.

"அடிங்க, அடிங்க. மணி கேட்டுக்கிட்டே வேலை பாத்தவதான் நான். இன்னும் ஒரு வரிசை பாக்கி."

கடைசிப் பெண் வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இன்று காலை நான் அட்டையை மாற்றிவிட்டேன். 'விரல் இழந்தது தெரியாதிருக்க, கைகளைப் பின்னால் வைக்கச் சொல்லப்பட்ட பெண்கள்.' யாரையும் கேட்கவில்லை. காப்பாளர் நாளைக்குப் பார்ப்பார். ஒப்பந்தம் போனால் போகட்டும். அதற்காக நீ வந்து என் முதுகில் தட்ட வேண்டாம்.

இன்னொன்று. சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அவன் வரலையா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டதால் சொல்கிறேன். உன் முதல் வரியைக் கேட்டு அவள் ஏன் சிரித்தாள் தெரியுமா? விரல் போனது இடது கையில்.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

'எனக்குத் தெரியும், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன்' என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். எந்தக் கை என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிறு முதல் பேருந்தில் வருகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. எனக்காக எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவாள்.

தம்பி