நேர்ச்சைக்குப் போன ஆவுளியா

நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டது. துணி எல்லாம் இன்னும் ஈரம், வீடே நாறுகிறது. காற்று அடங்கும்வரை படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. இவர் வீட்டில் இருப்பது நிம்மதிதான், ஆனால் ஒரே இடைஞ்சல். குசினிக்குள் வந்து சட்டி மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

வாங்க: சீரகம், ஜெனிக்கு ரப்பர், சோப்பு.

இவர் அக்கா வந்தாள். மதினிக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை. "ஏளா, நேந்தத எப்பக் கொண்டு வைக்கப் போற? அவன் திரும்பக் கடலுக்குப் போகணும்லா?"

மறந்தா போனேன்? போன வியாழக்கிழமை இவர் போன படகு இரவு வரவில்லை. என்ஜின் கோளாறு என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளி காலையில் ஜெனி பள்ளிக்கூடம் போனபின் மதினியும் நானும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில். படுக்கையைத் தட்டும்போது எடுத்த ஜெனியின் ஆவுளியா பொம்மை கையில். "மாதாவே, அவரு வந்திரட்டும், இத உன் கோயிலுக்குத் தாரேன்." வாய்விட்டே சொன்னேன். மதியம் வேறொரு படகு இவர் படகைக் கட்டி இழுத்து வந்தது.

என் கம்மல் இருந்தது. கல்யாணச் சேலை இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லையே. பிள்ளையின் பொம்மையைப் போய் நேர்ந்திருக்கிறேன். நானும் ஒரு தாய்.

நவம்பர் 13, புதன்

வெயில். துணி காய்ந்தது. சீரகம் வாங்க மறந்தேன்.

பொம்மையை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், தையல் விட்ட வயிறு, மூக்கில் ரசக்கறை. போன வருஷம் திருவிழாக் கடையில் 'சீல்' என்று விற்றான். ஜெனி ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா தீவுப் பக்கம் பார்த்தேன் என்று சொன்ன கடல்பசுதான் இது, ஆவுளியாதான் என்று ஒரே பிடி. அன்றிலிருந்து வீட்டில் கடலைத் தவிர வேறு பேச்சில்லை. ஆவுளியா கடல்புல் மட்டுந்தான் திங்குமாம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். கடல்குதிரையில் அப்பாதான் குட்டி போடுமாம்.

"அப்பா, நீங்க குட்டி போடுவீங்களா?"

"வலை போடவே நேரமில்ல, போளா."

தூங்கப் போகுமுன் போர்வைக்குள்ளிருந்து அதன் மூக்கை வெளியே இழுத்து வைக்கிறாள். "மேல வந்து மூச்சு வாங்கணும்மா. தண்ணிக்குள்ளயே இருந்தா செத்துரும்." தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்களாம். ஆவுளியாவுக்கும் ஒன்று கொண்டுவந்தாள்.

பஜாரில் இதே மாதிரி தேடினேன். ஒன்றைக் கோயிலில் வைத்துவிட்டு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. மாதாவையே ஏமாற்றப் பார்த்த ஆள் நான். அண்ணாச்சி எல்லாவற்றையும் இறக்கிப் போட்டார். "சுறா இருக்கு, நண்டு இருக்கு, ஆமை இருக்கு. இந்தச் சாம்பல் சாமான் இப்பம் வாரதே இல்ல தாயி."

சீரகம் வாங்கினேன்.

நவம்பர் 15, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"உனக்கு வேற சாமானே கிடைக்கலையாளா?"

"கிடைக்கல. நீங்க செத்துட்டியன்னு நெனச்சேன்."

பிறகு அவரே வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேர்ச்சைப் பொருள்களைக் கோயிலில் ஏலம் விடுவார்களே, அதில் அவரே எடுத்துவிடுவாராம். மதினியும் தப்பில்லை என்றாள். "ஊரே செய்யதுதான். குடுத்தவனே கோழிய எடுத்துட்டுப் போறாம்லா." பாரம் இறங்கியது. மத்தியானத்துக்குள் பொம்மை வீட்டுக்கு வந்துவிடும். ஜெனிக்குத் தெரியவே வேண்டாம்.

நவம்பர் 16, சனி

சாயங்காலம் அறிவிப்பு. காற்று அடங்கிவிட்டதாம், திங்கள் காலை டோக்கன். இவர் துள்ளுகிறார். நான் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

ஜெனியிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். தலைவாரிவிட்டு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பையில் மறைத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஜெனி மறைக்கல்வி வகுப்பில் இருந்தாள். வகுப்பை முன்னாலேயே விட்டுவிட்டார்கள். கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை சேவலை ஏலம் விட்டார், தென்னங்கன்றை விட்டார், அடுத்து ஆவுளியாவைத் தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் சிரித்தது. ஜெனி வந்து என் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

இவர் கை தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

பேசிவைத்தது எல்லாம் போயிற்று. கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் மாதாவும் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று ஒரே எண்ணம். நாளைக்கு டோக்கன். "விடுளா," என்று இவர் கையை இழுக்கிறார். நான் விடவில்லை. வேம்பாரிலிருந்து ஞானஸ்நானத்துக்கு வந்த ஒருத்தர் கைப்பிள்ளைக்கென்று எடுத்துவிட்டார்.

ஜெனியிடம் சொன்னேன், அப்பா வந்ததுக்கு நேர்ச்சை என்று. கேட்டுக்கொண்டாள். அந்த மனிதர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் சேலையை இழுத்தாள். "அது மூச்சு வாங்க மேல வரணும்னு அவங்ககிட்டச் சொல்லும்மா."

சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வரும் வழியில் ஒரு டால்பின் வாங்கிக் கொடுத்தேன். "இது புல் திங்காது," என்றாள். தூக்கிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். இவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார், பேசவில்லை.

நவம்பர் 18, திங்கள்

விடியுமுன் இவர் கிளம்பினார். வாசலில் நின்று, "சாயந்தரம் வந்துருவேன்," என்றார். அது போதும் எனக்கு.

ஜெனிக்கு இட்லி, சட்னி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, இவளைக் காணோம். படுக்கையில் டால்பினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள், கண்ணை இறுக்கி மூடி.

"என்னளா, பிடிச்சுப்போச்சா?"

"இல்லம்மா. பிடிக்க வச்சுட்டு இருக்கேன். அப்பா வரலைன்னா இதையும் மாதாவுக்குக் குடுக்கணும்லா?"