மேற்படி என்று எழுதிய கை

அக்கா,

இன்று காலை மகளுக்குக் கணக்கு தொடங்க பேங்கில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் மறுபடியும் முழு முகவரியை எழுதத் தொடங்கியதும் கவுன்டரில் இருந்த பெண், "மேல எழுதினதுதானே மேடம், மேற்படின்னு போட்டுடுங்க" என்றாள். என்னால் முடியவில்லை. முழுக்க எழுதினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த வார்த்தையை நான் கடைசியாக எழுதியது உன் பெயருக்கு நேரே. சுனாமிக்கு அடுத்த வாரம், மரக்காணத்தில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோமே, அப்போது. நம்மோடு உப்பளத்தில் வேலை செய்தவர்களில் பத்தாவது படித்தவள் நான்தான். யார் எதை இழந்தார்கள் என்று கலெக்டர் ஆபீஸுக்குப் பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் ஆளுக்கு 'குடிசை, பாத்திரம், துணிமணி' என்று எழுதினேன். மேலே சொன்னது அப்படியே இவருக்கும் என்று அர்த்தம் வர, அதற்குக் கீழே எல்லோருக்கும் மேற்படி.

கடைசியாக உன் முறை வந்தது. "எம்பொண்ணு போட்டோவும் போயிடுச்சிம்மா. இருந்ததே அது ஒண்ணுதான். அவ பேரையும் எழுது, தேவி. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. ரேஷன் கார்டுல கூட அவ பேரு ஏறல" என்றாய். போட்டோவுக்கா நிவாரணம் தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். கையும் வலித்தது. உனக்கும் மேற்படி.

"படிச்சுக் காட்டு" என்றாய். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டே, நீ சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாய். எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு.

அதற்கப்புறம் பாத்தியில் உப்பு வாரும்போதெல்லாம், "எம்பொண்ணு பேரு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குது" என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்வாய். என்னிடம், "ஒரு நாளு கூட்டிட்டுப் போய் அந்தப் பேர காட்டேன், தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்பாய். "அடுத்த வாரம் போலாம்க்கா" என்பேன். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். 2006 மழைக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய்.

உன் சாவுக்கு வந்தவர்கள், "அந்தப் புள்ள பேராவது கவர்மென்ட்ல இருக்குது" என்று ஆறுதல் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி என் பக்கம் திரும்பி, "நீதானம்மா எழுதின?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. இப்போதும் ஊருக்கு வந்தால் யாராவது அதைக் கேட்கிறார்கள். அந்த 'ஆமாங்க'வைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.